வளையக்கார சார்

பார்த்தால் பயப்படுகிற ஆள் மாதிரி இருக்க மாட்டார். ஆறடி உயரம். மீசை இரண்டு பக்கமும் கன்னம் வரைக்கும் போகும். மதுரை கோச்சடை ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவரை வாச்மேன் என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

நான் கூட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. மேசைக்கு அடியில் இருந்த பேட்டரிப் பெட்டி கத்த ஆரம்பித்தது. அந்த மனிதர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"உள்ள யாரு? உள்ள யாரு இருக்கா? வெளிய வாங்க! வெளிய வாங்க!"

ரூமில் அவரும் நானும்தான். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றேன்.

"உன்னையச் சொல்லலத்தா," என்றார். "லைப்ரரிக்குள்ள இருக்கவுகளச் சொன்னேன்."

அது பிள்ளைகளுக்கு வரும் நோய்களை ஆராய்ச்சி செய்கிற இடம். மாடியும் கீழுமாக டாக்டர்கள், படிக்கிற பையன்கள், பெண்கள். நான் எட்டாவதோடு நின்றவள். கூட்டுவது, டீ வாங்குவது, ரூமுக்கு ரூம் காகிதம் கொண்டு போவது என் வேலை. லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய ரூம் என்றுதான் எனக்குத் தெரியும். அங்கே அப்படி ஒரு ரூம் இல்லை. சார் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"இதான்த்தா லைப்ரரி. டாக்டருக எதையாச்சும் எழுதுனா, இத எங்க படிச்சேன்னு அடியில நம்பர் போட்டுச் சொல்லணும். இல்லன்னா எவனும் நம்ப மாட்டான். அப்படிப் படிச்சது அம்புட்டும் இதுக்குள்ள கிடக்கு. நம்பரையும் இதுவே போட்டுக்கிரும்."

"எல்லாருக்கும் ஒரே லைப்ரரியா சார்?"

"அதான்த்தா பயமே."

மற்ற இடங்களில் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்வார்களாம். இங்கே பெரிய டாக்டர் எல்லாருடையதையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லிவிட்டார். அது வளர்ந்துகொண்டே போனது. காலையில் சார் அதைத் திறப்பார். நான் டீ வாங்கி வந்து எல்லாருக்கும் ஊற்றி முடிக்கிற வரைக்கும் அது திறந்துகொண்டே இருக்கும். யார் வேண்டுமானாலும் தன் ரூமில் இருந்தபடி அதைப் பார்க்கலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதில் எழுதினால் மட்டும் உடைந்து போகும். அந்த சாஃப்ட்வேர் அப்படி. முன்னால் ஒரு முறை உடைந்து, ஒரு பெண் படிப்பையே விட்டுவிட்டுப் போய்விட்டது என்று சார் சொல்வார். மற்றவர்கள், அது கல்யாணம் ஆகிப் போனது என்பார்கள்.

சாருக்கு வாடிப்பட்டி. அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். அப்போது ஒற்றைத் தண்டவாளம். ஒரு ஸ்டேஷனில் இருந்து வண்டி கிளம்ப வேண்டும் என்றால் டிரைவர் கையில் ஒரு பிரம்பு வளையத்தைக் கொடுக்க வேண்டும். வளையம் இல்லாமல் வண்டி நகராது. அந்த வளையம் அடுத்த ஸ்டேஷனில் போய்ச் சேருகிற வரைக்கும் எதிரே இன்னொரு வண்டியை விட மாட்டார்கள். சார் அதையே ஆபீசுக்குக் கொண்டு வந்துவிட்டார். அவர் ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு பிரம்பு வளையம். லைப்ரரியில் எதையாவது சேர்க்கவோ மாற்றவோ வேண்டும் என்றால் வளையத்தை வாங்கிப் போய்த் தன் நாற்காலியில் மாட்டிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். ஆணி காலியாக இருந்தால் வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

கொண்டு போவதும் வாங்கி வருவதும் நான்.

"என்னக்கா, சர்க்கஸ் வளையமா? தாவணுமா?" என்று பையன்கள் கேலி பேசுவார்கள். ஒருவன் மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு, "பொண்ணக் கூப்பிடுக்கா, நேரமாச்சு," என்பான்.

சார் சிரிக்க மாட்டார். வளையம் வெளியே இருக்கிற நேரமெல்லாம் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருப்பார். அத்தனை பெரிய உடம்பு, விளிம்பில். கண் ஆணியிலேயே இருக்கும்.

"வந்துருச்சாத்தா?"

"இல்ல சார்."

"அப்ப இன்னும் லைன்ல இருக்கு."

நான் கொண்டு வந்து மாட்டினால்தான் மூச்சு விடுவார். அதற்குப் பிறகுதான் டீயைத் தொடுவார். அதற்குள் அது ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும்.

சாயங்காலம் மொத்த லைப்ரரியையும் சி.டி.யில் நகல் எடுப்பார். ஒன்று ஆபீசில் இருக்கும். ஒன்று அவர் வீட்டுக்குப் போகும். ஒன்றை என்னிடம் தருவார். "ஆபீஸ் தீப்பிடிச்சா வாடிப்பட்டில இருக்கும். வாடிப்பட்டிக்கு ஒண்ணுன்னா வண்டியூர்ல ஒம் வீட்ல இருக்கும்." என் வீட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன படம்?"

"படம் இல்ல. லைப்ரரி."

"மஞ்சப்பைல லைப்ரரியக் கொண்டாந்தவ ஊர்ல நீ ஒருத்திதான்."

எனக்குப் பயம் கம்மி. வீட்டுக்காரர் லோடுமேன். லாரி மேலிருந்து விழுந்து எழுந்தவர். பயந்துகொண்டிருந்தால் எங்கள் பிழைப்பு ஓடாது. அதனால் சாரைப் பார்க்க முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நம்பர் மாறிப் போனா என்ன சார் ஆயிரும்? தலையா போயிரும்?"

அவர் கோபப்படவில்லை.

"இந்த மருந்த பிள்ளைக்கு இம்புட்டு ஊத்துன்னு டாக்டரு எழுதுறாரு. எத நம்பி எழுதுறாரு? இந்த நம்பர. நம்பரு தப்பான எடத்தக் காட்டுச்சுன்னா? ஊர்ல இருக்க நர்சம்மா அதப் பாத்துத்தான ஊத்துவாக? யாருக்கு ஊத்துவாக? கைப்பிள்ளைக்கு."

அப்போது என் தம்பி பிள்ளை கைப்பிள்ளை. எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எதையும் அழிக்க விட மாட்டார். "அழிக்காதீக. ஓரமா வைங்க," என்பார். ஒரே கட்டுரையை நாலு பேர் நாலு தடவை போட்டிருந்தாலும் இருக்கட்டும் என்பார். எந்த டாக்டர் எதை நம்பி எழுதியிருக்கிறாரோ, இழுத்தால் எது விழுமோ என்று பயம். தப்பு என்று தெரிந்ததையும் அழிக்க மாட்டார். லைப்ரரிக்குள்ளேயே ஓரம் என்று ஓர் இடம் ஒதுக்கி அதில் தள்ளி வைப்பார்.

வலிப்பு மருந்தைப் பற்றி ஒரு கட்டுரை அப்படித்தான் அங்கே கிடந்தது. வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய அளவை அவர்கள் இரண்டு மடங்காக அச்சடித்துவிட்டார்கள். பிறகு அவர்களே திருத்தி, அதே தலைப்பில், அதே பெயரில் மறுபடி போட்டார்கள். சார் இரண்டையும் வைத்திருந்தார். திருத்தியது நடுவில் இருந்தது. தப்பானது ஓரத்தில் இருந்தது.

சின்ன டாக்டரம்மாவுக்கு இந்த ஓரம் என்பதே பிடிக்காது. சௌராஷ்டிர வீட்டுப் பெண். வீட்டில் இருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் மளமளவென்று பேசும். எங்களிடம் மதுரைப் பேச்சு. கையும் வாயும் வேகம். நல்ல பெண். பிள்ளைகள் வார்டில் அது அழுததை நானே பார்த்திருக்கிறேன். ஊர் நர்சுகளுக்காக ஒரு கைப்புத்தகம் போடுகிற வேலை அதனிடம்தான் இருந்தது.

"இது என்ன சார், லைப்ரரியா, பழைய இரும்புக் கடையா? ஒண்ணே ரெண்டு ரெண்டாக் கெடக்கு."

"இருக்கட்டும் மேடம். ஓரமாத்தான கெடக்கு."

"ஓரம் பெருத்து நடுவுக்கு வந்துருச்சு சார். திறக்குறதுக்குள்ள எனக்கு வயசாகுது."

ஒருநாள் காலையில் வளையம் கேட்டது. கொண்டு போய்க் கொடுத்தேன். முறையாக நாற்காலியில் மாட்டிக்கொண்டது. அந்த சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டாம். ஒரே மாதிரி இருப்பதை எல்லாம் அதுவே தேடிப் பிடித்து, முதலில் வந்ததை வைத்துக்கொண்டு பின்னால் வந்ததைத் தூக்கிவிடும். டாக்டரம்மா அதை அமுக்கிவிட்டது. வளையத்தைத் தானே கொண்டு வந்து ஆணியில் மாட்டியது.

"இப்பத் திறந்து பாருங்க சார். என்னா வேகம்!"

திறந்தது. உடனே திறந்தது. சார் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போய்விட்டது.

"மேடம், நேத்து சி.டி.ல இருந்து பழையபடி எடுத்து வச்சிர்றேன்."

"ஐயோ வேணாம் சார். இன்னிக்குச் சேத்ததெல்லாம் போயிரும். புஸ்தகம் முடியட்டும், அப்பறம் பாப்போம்."

பெரிய டாக்டரும் அதையே சொன்னார். சார் நகல் சி.டி.யை மட்டும் தனியாக எடுத்து உறையில் போட்டு வைத்துக்கொண்டார்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் உள்ளே போய்விடக் கூடாது என்பதுதான் அவர் பயம். அன்றைக்கு உள்ளே போனது ஒருவர்தான். வளையத்தோடுதான் போனது.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னால் டாக்டரம்மா ஒவ்வொரு வரியையும் லைப்ரரியில் இருந்த கட்டுரையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பொறுப்பாகத்தான் பார்த்தது. வலிப்பு மருந்து வரியில் புத்தகத்தில் ஓர் அளவு இருந்தது. லைப்ரரியில் மிஞ்சியிருந்த முதல் கட்டுரையில் அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. டைப் அடித்தவர் தப்பு என்று நினைத்துப் புத்தகத்தைத் திருத்திவிட்டது.

நீல அட்டை போட்டு வந்தது. நர்சுகளை எல்லாம் ஆபீசுக்கு வரவழைத்து, மீட்டிங் வைத்து, சாப்பாடு போட்டு, கையில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். நான் இலை எடுத்துக்கொண்டிருந்தேன். சார் சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தேன். நீலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நம்பர் நம்பராக லைப்ரரியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நம்பரில் கை நின்றது. உறையில் இருந்த சி.டி.யைப் போட்டார். பார்த்தார். மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார்.

"ஏத்தா," என்றார். சத்தமே வரவில்லை. "மேடத்தக் கூப்பிடு."

டாக்டரம்மா வந்தது. பார்த்தது.

"இது ரெண்டு மடங்கு," என்றது. "கைப்பிள்ளைக்கு மூச்சு நின்னுரும்."

பிறகு சார் பக்கம் திரும்பியது. அதன் கண்ணில் தண்ணீர்.

"தப்புன்னு தெரிஞ்சதை ஏன் சார் வச்சிருந்தீங்க? அழிச்சிருந்தா அது என் கண்ணுல பட்டிருக்குமா?"

அவ்வளவு பெரிய ஆள் நின்ற இடத்தில் சிறுத்துப் போனதைப் பார்த்தேன்.

"நர்சுக எல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"பஸ்ஸுக்குப் போயாச்சு சார்," என்றேன்.

டாக்டரம்மா போனைப் பிடித்துக்கொண்டது. ஜீப் ஒரு பக்கம் போனது. சார் ஆணியில் இருந்த வளையத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். எதற்கு என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. நான் என் மொபெட்டை எடுத்தேன். அவர் வண்டியில் ஏறப் பயப்படுகிறவர். அன்றைக்கு ஏறினார். ஆரப்பாளையம் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு என் சேலை முந்தியைப் பிடித்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் பஸ் பஸ்சாக ஏறினார்.

"நீலப் புஸ்தகம்! நீலப் புஸ்தகம் வச்சிருக்கவுக குடுத்துருங்கம்மா! குடுத்துருங்க!"

"யோவ் மீசை, இங்க விக்கக் கூடாதுய்யா, எறங்கு," என்று ஒரு கண்டக்டர் பிடித்துத் தள்ளினார்.

"விக்கலண்ணே, வாங்குறேன்!"

சனம் சிரித்தது. நர்சுகள் இரண்டு மூன்று பேர் அடையாளம் கண்டு எழுந்து கொடுத்தார்கள். அவர் பிடுங்குகிற மாதிரி வாங்கினார். வாங்கியதை எல்லாம் என் பையில் திணித்தார். வாடிப்பட்டி நர்ஸ் ஏறிய பஸ் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. அடுத்த பஸ்ஸில் நாங்களும் போனோம். வழியெல்லாம் அவர் பஸ்ஸில் எங்காவது பிள்ளை அழுதால் திரும்பிப் பார்த்தார்.

அந்த நர்சை வாடிப்பட்டியில் பிடித்துவிட்டோம். வயசான அம்மா. செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"புஸ்தகமா? இல்லையே சார்."

"இல்லன்னா?"

"பஸ்ல பக்கத்துல ஒரு பொம்பள ஒக்காந்திருந்துச்சு. நான் நர்சுன்னதும், வீட்ல பிள்ளைக்கு அடிக்கடி ஒடம்புக்கு முடியல, இதுல மருந்து போட்டிருக்கான்னு கேட்டுச்சு. பாத்துட்டுத் தாரேன்னு வாங்குச்சு. நான் அசந்துட்டேன். முழிச்சா ஆளும் இல்ல, புஸ்தகமும் இல்ல."

"மடில பிள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். கைப்பிள்ள."

"எங்க எறங்குச்சு?"

"சமயநல்லூரா, நகரியா, எனக்கெப்படித் தெரியும்? தூங்கிட்டேன்னு சொல்றேன்ல?"

சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பயம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மற்றது எல்லாம் மறுநாளுக்குள் வந்து சேர்ந்தது. அந்த ஒன்று வரவில்லை. புத்தகத்தைத் திருத்தி வேறு நிறத்தில் அட்டை போட்டுக் கொடுத்தார்கள். டாக்டரம்மா அந்த ரோட்டில் இருந்த ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் சொல்லி வைத்தது. அப்படி ஒரு பிள்ளை வந்ததாக யாரும் சொல்லவில்லை. பெரிய டாக்டர் மேற்கொண்டு பேச வேண்டாம் என்றார்.

சாரால் விட முடியவில்லை. லீவு நாளில் எல்லாம் அந்த பஸ்ஸில் ஏறுவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குவார். பிள்ளை வைத்திருக்கிற பெண்களைப் பார்த்தால் நிறுத்தி, "ஆத்தா, ஒங்கிட்ட நீலப் புஸ்தகம் இருக்கா?" என்று கேட்பார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். நல்லவேளை. பிள்ளை பிடிக்கிறவன் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான்.

"எங்க அண்ணன்தாய்யா, விடு," என்று நடுவில் புகுந்தேன்.

"ஒங்கண்ணனுக்கு பிள்ளைகிட்ட என்ன வேல?"

சார் அவனிடமும் கேட்டார். சட்டை அவன் கையில் இருக்கும்போதே கேட்டார். "தம்பி, இந்த ஊர்ல சமீபத்துல கைப்பிள்ள எதுவும் தவறிருச்சா?"

அவன் கையை எடுத்துவிட்டான்.

அன்று தோளில் மாட்டிய வளையத்தை அவர் ஆணியில் திரும்ப மாட்டவில்லை. மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டார். பையன்கள் வந்து கேட்பார்கள்.

"சார், வளையம் குடுங்க, ரெண்டு கட்டுரை சேக்கணும்."

"லைன்ல இருக்குப்பா."

"யாருகிட்ட சார்?"

டிராயரைப் பூட்டிக்கொள்வார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கொஞ்ச நாளில் வேறு சாஃப்ட்வேர் வந்தது. அதில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் எழுதலாம். யார் எதை எடுத்தார்கள் என்று காட்டும். எடுத்ததைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். வளையம் தேவையில்லை என்றார்கள். சார் வளையத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு வேலைக்கு வரவில்லை.

வருசம் பல கழித்து வாடிப்பட்டிக்கு ஒரு காது குத்துக்குப் போனேன். அவர் வீட்டுக்கும் போனேன். மீசை வெளுத்து, மெலிந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை.

"வந்துருச்சாத்தா?"

"இல்ல சார்."

"அப்ப இன்னும் லைன்ல இருக்கு."

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு ஆணி இருந்தது. காலியாக இருந்தது. வளையம் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. நான் எடுத்து மாட்டப் போனேன்.

"மாட்டாத!" என்று கத்தினார். அந்த முதல் நாள் கத்திய அதே சத்தம். "அது வந்து சேராம மாட்டக் கூடாதுத்தா. இங்க மாட்டிட்டம்னா, லைன் காலியா இருக்குன்னு ஆயிரும்."

அடுத்த வருசம் அவர் தவறிவிட்டார். கேதத்துக்குப் போனபோது அவர் சம்சாரம் வளையத்தைக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தது. "ஒன்னையத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. நீயே வச்சுக்க," என்றது.

அந்தப் பிள்ளை இருந்தால் இப்போது காலேஜ் போகிற வயசு. இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் நீல அட்டை கண்ணில் பட்டால் எடுத்து ஒரு தடவை புரட்டிவிடுவேன். கோனார் நோட்ஸாக இருக்கும். பஞ்சாங்கமாக இருக்கும். வைத்துவிடுவேன்.

வளையம் வண்டியூர் வீட்டில் பீரோவுக்கு மேலே கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் விளையாட எடுத்தால் விட மாட்டேன். சுவரில் ஆணி இருக்கிறது. நானும் மாட்டவில்லை.